மடிக்கணினி விழித்தது, வைஃபை விழிக்கவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. எங்கள் பாளையங்கோட்டை ஓய்வூதியர் வட்டத்தில் ஏழெட்டுப் பேரிடம் எட்டு, பத்து வருஷம் பழகிய மடிக்கணினிகள் இருந்தன. விண்டோஸ் 11 அவற்றை ஏற்க மறுத்தது. தூக்கிப்போட மனம் வராதவர்கள் ஒவ்வொருவராக லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினார்கள். லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011-ல் அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பேரப்பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மாறியவர்களிடமிருந்து பெரிய புகார் இல்லை. தமிழ் எழுத்து தெரிகிறது, வங்கிக் கணக்கு திறக்கிறது, யூடியூபில் கச்சேரி பாடுகிறது. ஆனால் ஒரே ஒரு புகார் மூன்று வீடுகளிலிருந்து வந்தது. மூடியைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் திறந்தால் திரை வருகிறது, வைத்த இடத்தில் எல்லாம் இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. அணைத்துப் போட்டால் வந்துவிடும். "தூங்கி எந்திச்சா ஏன் வரமாட்டேங்கு?" என்று கேட்டார்கள். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருஷக் கதை இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப்போகிறேன்.

நான் முப்பத்தாறு வருஷம் தொலைபேசி இலாகாவில் இருந்தவன். எங்கள் எக்ஸ்சேஞ்சில் எந்தக் கருவியும் தூங்கியதில்லை. கரண்ட் போனால் பேட்டரி அறையின் 50 வோல்ட் தாங்கும், பேட்டரி இறங்குவதற்குள் எஞ்சின் ஓடும். தூங்கவைத்து எழுப்புவது என்ற வேலையே எங்களுக்குக் கிடையாது. மடிக்கணினிக்கு அந்த வசதி இல்லை. சின்ன பேட்டரி. ஆகவே அது தூங்கியே தீரவேண்டும். தூங்குவது சுலபம். எழுந்திருப்பதில்தான் எல்லா வம்பும்.

முதலில் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது 1992-ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த ஏ.பி.எம். என்ற ஏற்பாடு. அதில் பொறுப்பெல்லாம் பயாஸிடம். பயாஸ் என்றால் கணினியைச் செய்த கம்பெனி, போர்டில் உள்ள சிப்புக்குள் எழுதிவைக்கும் நிரல். விண்டோஸோ லினக்ஸோ "தூங்கப்போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியைப் பயாஸ் பார்த்துக்கொள்ளும். எழுப்புவதும் அதுவே. அந்தக் காலத்து மடிக்கணினியில் வைஃபை இல்லை. வலைப்பின்னல் வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒரு கார்டைச் செருக வேண்டும். எழுந்த பிறகு கார்டு முரண்டு பிடித்தால் உருவித் திரும்பச் செருகினால் போதும். யாரும் இதை ஒரு கோளாறாகவே நினைக்கவில்லை.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. இங்கேதான் கதை திரும்புகிறது. பொறுப்பு பயாஸிடமிருந்து பறிக்கப்பட்டு இயங்குதளத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. எந்தக் கருவிக்கு எப்போது மின்சாரம் நிறுத்துவது, எந்த வரிசையில் எழுப்புவது எல்லாம் இனி விண்டோஸோ லினக்ஸோ செய்ய வேண்டும். ஆனால் ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு விதம் ஆயிற்றே, இயங்குதளத்துக்கு எப்படித் தெரியும்? அதற்காகப் பயாஸுக்குள் சில அட்டவணைகள் வைத்தார்கள். அவற்றில் வெறும் விவரம் மட்டுமல்ல, அதற்கென்றே அமைந்த ஒரு மொழியில் குட்டி நிரல்களும் இருக்கும். இயங்குதளம் அவற்றை வாசித்து, சொன்னபடி செய்ய வேண்டும்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் குட்டி நிரல்களை எழுதுவது கணினிக் கம்பெனிக்காரர்கள். எழுதிவிட்டு விண்டோஸில் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் பெட்டியில் போட்டு விற்பனைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நிரலைத் தொகுக்க மைக்ரோசாஃப்டிடம் ஒரு கருவி, இன்டெலிடம் ஒரு கருவி. மைக்ரோசாஃப்டின் கருவி சில பிழைகளைப் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிடும். அதே நிரலை இன்டெலின் கருவியில் கொடுத்தால் பிழை என்று திருப்பி அனுப்பும். லினக்ஸ் உள்ளே வைத்திருந்ததோ இன்டெல் எழுதிய வாசிப்பான். ஆகவே விண்டோஸில் நன்றாகத் தூங்கி எழும் அதே கணினி லினக்ஸில் தடுமாறும். ஆர்வலர்கள் தங்கள் கணினியின் அட்டவணையை வெளியே எடுத்து, பிழை திருத்தி, திரும்ப உள்ளே செலுத்திப் பார்த்த காலம் உண்டு. கம்பெனிக்காரன் எழுதிய தப்பை வாங்கினவன் திருத்தினான்.

இன்னொரு வேடிக்கை. இந்த நிரல்கள் இயங்குதளத்தைப் பார்த்து "நீ யார்? விண்டோஸின் எந்தப் பதிப்பு?" என்று கேட்க வழி இருக்கிறது. லினக்ஸ் என்ன பதில் சொல்லும் தெரியுமா? அது கேட்கும் விண்டோஸ் பதிப்புகளுக்கெல்லாம் "ஆமாம், நான்தான்" என்று தலையாட்டும். "நீ லினக்ஸா?" என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடும். 2007-ல் வேண்டுமென்றே அப்படி மாற்றினார்கள். லினக்ஸ் என்று சொன்னால், கம்பெனிக்காரர்கள் சோதித்தே பார்க்காத ஏதோ ஒரு பாதையில் நிரல் போய் விழுந்தது. விண்டோஸ் என்று சொன்னாலாவது யாரோ ஒருவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பாதை. சொந்த வீட்டிலேயே மாற்றுப் பெயரில் குடியிருப்பதுபோல என்று எனக்குத் தோன்றும்.

இதற்குப் பின்னால் ஒரு கடிதக் கதையும் உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஆட்களுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் பின்னாளில் வெளிவந்தது. நாம் பாடுபட்டு ஏ.சி.பி.ஐ.-யை உருவாக்க, ஒன்றும் செய்யாமலே லினக்ஸும் அதனால் நன்றாக ஓடுவதா, இதை விண்டோஸோடு ஏதாவது விதத்தில் கட்டிப்போட முடியாதா என்ற ரீதியில் அதில் கேட்டிருந்தார். விதிமுறை கடைசிவரை எல்லோரும் படிக்கும்படிதான் இருந்தது, லினக்ஸும் அதைக் கைக்கொண்டது. லினக்ஸ்காரர்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த ஒரு கடிதம்தான் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சதி தேவையே இல்லை. ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்து மட்டும் சோதித்தால் மற்றவனுக்குத் தகராறுதான் வரும்.

சரி, வைஃபைக்கு வருவோம். 1997-ல் முதல் தரம் வந்தது. 1999-ல் நொடிக்கு 11 மெகாபிட் வேகத்தில் அடுத்தது வந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் ஐபுக்கில் கம்பியில்லா வசதியை வைத்தது. 2003 மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோ என்ற பெயரில் விளம்பரம் செய்த பிறகுதான் வைஃபை மடிக்கணினியின் உடம்போடு ஒட்டிப் பிறந்ததாக ஆயிற்று. அதுவரை உருவிச் செருகிய வைத்தியம் இனி நடக்காது. கார்டு உள்ளே, நாலு திருகாணிக்கு அடியில்.

அந்தக் கார்டு வெறும் கார்டு அல்ல, அதுவே ஒரு குட்டிக் கணினி. சொந்தமாகச் செயலி, சொந்தமாக நினைவகம். அந்தச் செயலிக்கான நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். விலையைக் குறைக்க, பெரும்பாலான கார்டுகளில் அதை நிரந்தரமாக எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் இயங்குதளத்தின் டிரைவர் அதை வன்தட்டிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஊட்ட வேண்டும். தினமும் காலையில் வந்தவுடன் "நான் யார், என் வேலை என்ன?" என்று கேட்கும் குமாஸ்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உட்காரவைத்து ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் பேனாவைத் தொடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மறந்துவிடுவார்.

மடிக்கணினி தூங்கும்போது என்ன நடக்கிறது? எஸ்3 என்று சொல்லும் தூக்கத்தில் செயலிக்கு மின்சாரம் நிற்கும். பிரதான நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும். அதனால்தான் நீங்கள் பாதி எழுதிய கடிதம் அப்படியே இருக்கிறது. வைஃபை கார்டுக்கோ பெரும்பாலும் மின்சாரமே இராது. குமாஸ்தா எல்லாவற்றையும் மறந்தாயிற்று. ஆனால் பிரதான நினைவகத்தில் இருக்கும் டிரைவர் மறக்கவில்லை. அதன் கணக்கில் கார்டுக்குப் பாடம் சொல்லி முடித்தாயிற்று. எழுந்தவுடன் நேரே வேலை சொல்கிறது, பதில் வருவதில்லை. கார்டுக்குத் திரும்பவும் முதலிலிருந்து ஊட்ட வேண்டும் என்பது டிரைவரை எழுதியவருக்குத் தோன்றி, அதை எழுதியும் வைத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு சங்கடம்: ஃபர்ம்வேர் இருப்பது வன்தட்டில். வன்தட்டும் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். இதற்காகவே, தூங்கப்போகுமுன் ஃபர்ம்வேரின் நகலொன்றை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பின்னாளில் லினக்ஸில் சேர்த்தார்கள்.

டிரைவரை எழுதியவருக்குக் கார்டின் உள்விவரம் தெரிந்திருந்தால் இதெல்லாம் பெரிய வேலை இல்லை. அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. இன்டெல், சென்ட்ரினோ வந்த மறு வருஷமே லினக்ஸுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. ஏராளமான மடிக்கணினிகளில் இருந்த பிராட்காம் கார்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிரைவரும் இல்லை, விவரப் புத்தகமும் இல்லை. லினக்ஸ்காரர்கள் இரண்டு வழி பார்த்தார்கள்.

ஒன்று, என்டிஸ்ராப்பர் என்ற தந்திரம். விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவரையே லினக்ஸுக்குள் உட்காரவைத்து, சுற்றிலும் விண்டோஸ் இருப்பதுபோல் நாடகம் ஆடுவது. கூத்தாடிக்கு மேடை கட்டியதுபோல. ஓடும். ஆனால் தூங்கி எழுந்தால் நாடகம் பல சமயம் கலைந்துவிடும். மூடிய டிரைவருக்குள் என்ன நடந்தது என்று பார்க்க யாராலும் முடியாது.

இரண்டாவது வழியை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை வருகிறது. ஒரு குழு பிராட்காமின் மூடிய டிரைவரை அலசி, கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று சாதாரண வார்த்தைகளில் குறிப்பு எழுதும். இன்னொரு குழு அந்த மூல டிரைவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதும். காப்பிரைட் வழக்கு வராமலிருக்க இந்த மடி ஆசாரம். அப்படி எழுதிய டிரைவர் 2006 ஜூனில் லினக்ஸ் 2.6.17-ல் இடம்பிடித்தது, அதைப் புதுப்பித்து எழுதிய வடிவம் 2008 ஜனவரியில் வந்தது. அப்போதும் ஃபர்ம்வேரை விநியோகிக்க உரிமை இல்லை. கணினிக்கு உரியவரே அதை விண்டோஸ் டிரைவருக்குள்ளிருந்து வெட்டி எடுத்துக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய கார்டுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஏதெரோஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

இடையில் நடந்த ஒரு நல்ல காரியம், 2007 ஜூலையில் லினக்ஸ் 2.6.22-ல் சேர்ந்த மேக்80211 என்ற பொது அடுக்கு. அதுவரை பல டிரைவர்கள் வைஃபையின் சடங்குகளைத் தனித்தனியே தாமே எழுதிக்கொண்டிருந்தன. பொதுவான பகுதியை ஓரிடத்தில் வைத்த பிறகு, தூங்கி எழும் முறையையும் ஓரிடத்தில் சரிசெய்ய முடிந்தது. தூக்கத்தின் மற்ற பகுதிகளுக்குச் செக் நாட்டு பாவெல் மாசெக், போலந்தின் ரஃபேல் விசாக்கி போன்றவர்கள் வருஷக்கணக்கில் உழைத்தார்கள்.

அதுவரை சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள்? கைவைத்தியம்தான். தூங்குமுன் வைஃபை டிரைவரை இறக்கிவிடு, எழுந்ததும் ஏற்று. இதைத் தானாகச் செய்யும் குறுநிரல்கள் உபுண்டுவிலும் மற்றவற்றிலும் கூடவே வந்தன. டிரைவரை இறக்கினால் அதன் பழைய கணக்கெல்லாம் அழிந்துபோகும். திரும்ப ஏற்றும்போது கார்டுக்குப் பாடம் முதலிலிருந்து நடக்கும். முழுக் கணினியையும் அணைத்துப் போடுவதில் கிடைக்கும் பலன் இதுதான்.

இனி நம் வட்டத்துக் கதை. ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் மஸ்கட்டில். ராத்திரி எட்டரைக்கு வீடியோவில் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். தினமும் அந்த நேரத்துக்குத்தான் வைஃபை காலைவாரும். கடையில் காட்டியிருக்கிறார். "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிருங்க" என்று நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருடைய குடும்ப ஓய்வூதியக் கணக்கில் அது இரண்டு மாதச் சாப்பாடு, மருந்து எல்லாம். "அண்ணாச்சி, ஒரு தடவை நீங்க பாருங்க, அப்புறம் கழிச்சுக் கட்டுதேன்" என்று கொண்டுவந்தார்.

தொலைபேசிப் புகார் வந்தால் நாங்கள் முதலில் எம்.டி.எஃப்.பில் லைனைப் பிரித்துப் பார்ப்போம். கோளாறு எக்ஸ்சேஞ்ச் பக்கமா, கேபிள் பக்கமா என்று தெரியாமல் லைன்மேனைக் கம்பத்தில் ஏற்றக்கூடாது. இங்கேயும் அதே நடைமுறைதான். கைபேசியில் வைஃபை வருகிறது. ஆகவே ரௌட்டர் சரி. விமானப் பயன்முறைச் சாவி தவறி அழுந்தவில்லை. அடுத்து, எழுந்த பிறகு கணினியின் கருவிப் பட்டியலில் கார்டு தெரிகிறதா? தெரியாவிட்டால் கார்டுக்கு மின்சாரமே திரும்பவில்லை. அது பயாஸ், ஏ.சி.பி.ஐ. பக்கத்து நோய், பயாஸைப் புதுப்பித்தால் சில சமயம் தீரும். அவர் கணினியில் கார்டு தெரிந்தது.

தெரிந்தும் இணையவில்லை என்றால் இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒருவர் நெட்வொர்க் மேனேஜர். 2004-ல் ரெட் ஹாட் தொடங்கிய நிரல் அது. எந்த வைஃபையோடு சேர்வது என்று தீர்மானிப்பது அதன் வேலை. கணினி தூங்கும்போது இவரையும் படுக்கச் சொல்வார்கள். எழுப்பும் சேதி எப்போதாவது வந்து சேராது. இவர் படுத்தபடியே இருப்பார். இவரை மட்டும் மறுபடி தொடங்கினால் ஐந்து நொடியில் வேலை முடியும். ஆசிரியர் கணினியில் அதைச் செய்தோம், பலன் இல்லை. கர்னலின் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தால் விழித்த நிமிஷத்திலேயே "ஃபர்ம்வேர் பதில் தரவில்லை" என்ற அர்த்தத்தில் வரிசையாக வரிகள். குமாஸ்தா கதையேதான். டிரைவரை இறக்கி ஏற்றினோம், வைஃபை வந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைவைத்தியத்தையே தானாக நடக்கும்படி சிஸ்டம்டி தூங்குமுன்னும் எழுந்தபின்னும் பார்க்கும் கோப்புறையில் ஒரு சிறு கோப்பாக வைத்தோம், இயங்கும் அனுமதியும் கொடுத்தோம். இப்போது மூடியைத் திறந்து ஏழெட்டு நொடியில் வைஃபை வருகிறது. கடைச் சீட்டை அவர் கிழித்துப் போட்டார்.

இன்னொரு வீட்டில் நோய் வேறு. வைஃபை இணைந்ததாகக் காட்டும், பக்கம் மட்டும் திறக்காது. அது கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அரைத்தூக்கத்தில் கிடப்பது. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பில் வைஃபை மின்சேமிப்பை நிறுத்தினோம், சரியாயிற்று. பேட்டரி கொஞ்சம் முன்னால் தீரும். மூன்றாவது வீட்டில் பயாஸைப் புதுப்பித்தோம்.

புதிய மடிக்கணினி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது கைபேசி மாதிரித் தூங்கும் ஒரு முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. செயலி முழுக்க அணையாமல் ஆழ்ந்த ஓய்வில் இருக்கும். லினக்ஸ் மறு வருஷமே தன் பக்கத்தில் அதற்கு இணையானதைச் சேர்த்துக்கொண்டது. 2020-ஐ ஒட்டி வந்த பல மடிக்கணினிகளில் பழைய எஸ்3 தூக்கமே கிடையாது. மூடிவைத்துப் பைக்குள் போட்டால் உள்ளே சூடாவதும், காலையில் பேட்டரி பாதியாக இருப்பதும் இவற்றில்தான். எங்கள் வட்டத்தில் ஒருவர் போன மாதம் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறார். ராத்திரியில் மூடிவைக்காமல் முழுக்க அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அதன் நாட்குறிப்பை வரும் ஞாயிறு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.